அண்ணி விட்டுக்கொடுத்த பிரிவு

என் கணவரின் அக்காவை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் மூட்டை பிரிப்பது அவர் வேலை. வார்டுகளிலிருந்து வந்து இறங்கும் மூட்டையை மேசையில் கொட்டி, விரிப்பு ஒரு பக்கம், தலையணை உறை ஒரு பக்கம், இரத்தம் பட்டது தனியே என்று போடுவார். அதே கூடத்தில் நான் துணி மடிக்கிறேன். வெந்நீரும் சலவைச் சோடாவும் கலந்த வாடை எங்கள் இருவர் தலைமுடியிலும் ஏறிவிட்டது. எந்த எண்ணெய் தேய்த்தாலும் போகாது.

ஒரு நாள் விரிப்புக்குள்ளிருந்த ஊசி அண்ணியின் விரலில் ஏறிவிட்டது. யாரோ அவசரத்தில், போட்டு முடித்த ஊசியை விரிப்போடு சுருட்டி அனுப்பியிருந்தார்கள். கையுறையையும் தாண்டிக் குத்தியது. கழுவினார்கள், மருந்து போட்டார்கள், இரத்தம் எடுத்தார்கள். நோய் ஏதும் தொற்றியிருக்கிறதா என்று உறுதியாகத் தெரிய சில மாதங்கள் ஆகும் என்றார்கள்.

அந்த மாதங்களில் அண்ணி என் சின்னப் பெண்ணைத் தூக்கவே இல்லை. தட்டையும் டம்ளரையும் தனியே எடுத்து வைத்துக்கொண்டார்.

"அப்படியெல்லாம் ஒட்டாதுன்னு டாக்டரே சொல்லிட்டாரே அண்ணி" என்பேன்.

"அவருக்கென்ன, சொல்லிட்டு அவர் வீட்டுக்குப் போயிடுவாரு."

வேலைக்கு மட்டும் வந்தாக வேண்டியிருந்தது. மூட்டையைக் கொட்டிவிட்டுத் தொடாமல் தள்ளி நிற்பார். விடுப்புக் கேட்டதற்கு, காய்ச்சலா, கால் உடைஞ்சதா, எதுக்கு விடுப்பு என்றார்கள். நான் வேண்டிக்கொள்ளாத நாளில்லை. கடைசியில் ஆண்டவன் கண் திறந்து பார்த்தான். ஒன்றுமில்லை என்று முடிவு வந்தது.

வேறு யாராவது என்றால் ஒரு கும்பிடு போட்டுவிட்டு மறந்திருப்பார்கள். அண்ணி, இதற்கொரு சட்டம் வேண்டும் என்று எங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினரைப் போய்ப் பார்த்தார். திரும்பத் திரும்பப் போனார். சலவைக்கூடத்தில் அவருக்கு ஊசியக்கா என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

"என்ன ஊசியக்கா, சட்டம் போட்டாச்சா, இல்ல இன்னும் நூல் கோத்துக்கிட்டே இருக்காங்களா?" என்பார் இஸ்திரி போடுகிறவர். அண்ணியும் சேர்ந்து சிரிப்பார்.

உறுப்பினர் அம்மா நல்ல மனசுக்காரர். ஒரு மசோதா எழுத வைத்தார். அதில் இரண்டே பிரிவுகள். மூட்டை வார்டை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே அங்கேயே விரிப்பை உதறிப் பார்க்க வேண்டும் என்பது ஒன்று. ஊசி குத்தியவருக்கு முடிவு தெரியும்வரை விடுப்புத் தர வேண்டும் என்பது இன்னொன்று. இரண்டாவதுதான் அண்ணி கேட்டு வாங்கியது.

ஒரு சாயங்காலம் வரச் சொன்னார்கள். துணைக்கு நானும் போனேன். உறுப்பினரின் உதவியாளர் எங்களை உட்கார வைத்துப் பொறுமையாக விளக்கினார்.

"மசோதாவைச் சபையில அறிமுகம் பண்ணினதும், பேரவைத் தலைவர் அதை ஒரு குழுவுக்கு அனுப்புவார். குழு விசாரிச்சு சரின்னு சொன்னாத்தான் சபைக்குத் திரும்பி வரும். எந்தக் குழுங்கறது உள்ள எழுதியிருக்கிறதைப் பொறுத்தது. விடுப்புன்னு இருக்கே, அதனால இது தொழிலாளர் குழுவுக்குப் போகும். அங்க ஏற்கெனவே மலை மாதிரி கிடக்கு. தேர்தலுக்குள்ள எடுக்கலைன்னா எல்லாம் காலாவதி."

"விடுப்பை எடுத்துட்டா?" என்றார் அண்ணி.

"அப்ப இது நோயாளிங்க படுக்கை, மருத்துவமனை சுத்தம். சுகாதாரக் குழு. அவங்க இந்த மாசமே எடுத்துப்பாங்க."

உறுப்பினர் அம்மா தலை குனிந்தபடி இருந்தார். "எனக்கு மனசு வரலைம்மா. நீங்கதான் சொல்லணும்" என்றார்.

வீட்டில் என் கணவர் சாப்பிடும்போதே சண்டைக்கு வந்தார். "நீ பட்ட பாட்டுக்குத்தானேக்கா கேட்ட? அதையே தூக்கிட்டா அப்புறம் எதுக்கு மசோதா?"

"குத்தினதுக்கு அப்புறம் விடுப்பா, குத்தாமலே இருக்கறதா? எதுடா முதல்ல வேணும்?"

"ரெண்டும்தான் வேணும்."

"ரெண்டும் வேணும்னு நின்னா ஒண்ணும் வராதுங்கறாங்களே."

மறுநாள் போய், எடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டார். திரும்பி வரும்போது பேருந்தில் இறங்கும்வரை ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தார்.

மசோதாவை அறிமுகம் செய்த அன்று பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்திருந்தோம். எங்கள் முறை வந்ததும் நான் கண்ணை மூடி ஆண்டவனை நினைத்தேன். திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தலைப்பை மட்டும் வாசித்தார்களாம். குழுவுக்கு அனுப்பப்படுகிறது என்றார்களாம். யாரும் எழுந்து பேசவில்லை.

"வேண்டாம்னு தள்ளிட்டாங்களா அண்ணி?" என்று அவர் கையைப் பிடித்தேன்.

"அடி போடி. இன்னிக்கு வாசல் தாண்டி உள்ள விட்டிருக்காங்க, அவ்வளவுதான். சுகாதாரக் குழுன்னாரு, கேட்டேன்."

சொன்னபடியே அந்த மாதமே குழு அண்ணியைக் கூப்பிட்டது. சின்ன அறை, நீள மேசை, சுற்றிலும் உறுப்பினர்கள். உதவியாளர் வாசலிலேயே எச்சரித்திருந்தார்: விடுப்புப் பேச்சு எழுந்தால், இதைத் தொழிலாளர் குழுவுக்கு மாற்றுங்கள் என்று யாராவது கிளப்பிவிடுவார்கள். மூட்டை எப்படி வருகிறது, அதில் என்னென்ன சுருண்டு கிடக்கும் என்று அண்ணி சொன்னார். பிறகு, மேசைக் கோடியிலிருந்த ஒரு வயதானவர் அன்பாகக் கேட்டார்.

"குத்தினதுக்கு அப்புறம் உங்களுக்கு ரொம்பக் கஷ்டமா இருந்திருக்குமேம்மா. என்ன பண்ணினீங்க?"

அத்தனை மாதமும் யாராவது கேட்கமாட்டார்களா என்று அண்ணி ஏங்கிய கேள்வி அது. பின் வரிசையிலிருந்து நான் அவர் முதுகைத்தான் பார்த்தேன். ஒரு மூச்சு இழுத்தார்.

"கழுவி மருந்து போட்டாங்க ஐயா" என்றார். அதோடு வாயை மூடிக்கொண்டார்.

குழு ஒப்புக்கொண்டது. சபையும் நிறைவேற்றியது. இப்போது மூட்டைகள் வார்டிலேயே உதறிப் பார்த்து, பார்த்தவரின் கையெழுத்துச் சீட்டோடு வருகின்றன. அப்படியும் எப்போதாவது ஒன்று தப்பி வந்துவிடுகிறது.

தேர்தல் முடிந்தது. உறுப்பினர் அம்மாவே மறுபடி ஜெயித்தார். எல்லோரும் மாலை போடப் போனபோது அண்ணியும் போனார், வெறுங்கையோடு. "அன்னிக்கு எடுத்து வெச்சோமே, அந்தப் பிரிவைத் தனியா கொண்டு வாங்கம்மா" என்றார். கொண்டு வந்துவிட்டார்கள். தலைப்பிலேயே சலவைத் தொழிலாளர் என்று இருக்கிறது. நேராகத் தொழிலாளர் குழுவுக்குப் போய், அந்த மலையின் அடியில் உட்கார்ந்திருக்கிறது.

"இந்தத் தடவையும் அதே கேள்வியைக் கேட்டா என்ன சொல்வீங்க அண்ணி?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"கேக்கட்டும். சாப்பாடு கட்டிக்கிட்டு வரச் சொல்லணும் அவங்களை. அவ்வளவு இருக்கு."

குழு இன்னும் கூப்பிடவில்லை.