ஏலக்காரரின் இடது காது

என் வீட்டுக்காரரை ஊரே ஏலக்காரர் என்றுதான் கூப்பிடும். கோபம் வந்தால் நானும் அப்படித்தான் கூப்பிடுவேன். காய்கறி மொத்தச் சந்தையில் அவர் ஏலம் விடுவார், அதே கொட்டகையில் நான் எடை போடுவேன். எங்களுக்குள் முதல் பேச்சே தராசுக்கு முன்னால் நடந்த சண்டைதான். அது இப்போது வேண்டாம். அவரைப் பாரபட்சக்காரர் என்று சொன்னார்களே, அதைத்தான் சொல்ல வந்தேன்.

எங்கள் சந்தையில் ஏலம் விடுபவர் ஆளைப் பார்க்கக்கூடாது. கண் சரக்கின் மேலேயே இருக்க வேண்டும். சுற்றி வியாபாரிகள் அரைவட்டமாக நிற்பார்கள். ஒரே விலையை இரண்டு பேர் சேர்ந்தாற்போல் கேட்டால், எந்தக் குரல் முந்தியதோ அந்தப் பக்கம் கையை நீட்டுவார். நீட்டினால் நீட்டியதுதான், அப்பீல் கிடையாது. முகத்தைப் பார்த்தால் சொந்தக்காரனும் சிநேகிதனும் கண்ணில் படுவார்கள் என்பதற்காக ஏற்பட்ட வழக்கம். "காதுக்கு மாமன் மச்சான் தெரியாது" என்று இவர் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். சந்தையில் அவர் சம்பாதித்த பெயர் முழுக்க அந்தக் காதை வைத்துத்தான்.

ஒரு காய்ச்சலுக்குப் பிறகு இடது காது மந்தமாகிவிட்டது. ஜூஸ் கடைக்காரர் எப்போதும் இடது ஓரத்தில்தான் நிற்பார். கீச்சுக் குரல். அவர் கேட்பதே இவர் காதில் விழாமல் போயிற்று. "காதுல மெஷின் வெச்சா என்ன, குறைஞ்சா போயிடுவீங்க?" என்று நான்தான் பிடித்து இழுத்துக்கொண்டு காது மெஷின் கடைக்குப் போனேன்.

கண்ணாடி அறை, ஏசி, மெத்தென்ற சோபா. எதிரே ஒரு ஸ்பீக்கரில் பேச்சும் இரைச்சலும் கலந்து போட்டார்கள். இடது காதில் மெஷினை மாட்டிவிட்டதும் இரைச்சல் அடங்கிப் பேச்சு மட்டும் பளிச்சென்று கேட்டதாம். இவர் முகம் மலர்ந்துவிட்டது. "உள்ள ஏஐ இருக்கு சார். ஒரு தடவை சார்ஜ் போட்டா நாள் முழுக்க வரும்" என்றார் விற்பனைக்காரர். சோபாவில் உட்கார்ந்து எதிரே இருக்கும் ஸ்பீக்கரைக் கேட்பதுதான் ஒரு மனுஷனுக்கு வேலையா? எந்தப் பக்கத்திலிருந்து யார் கூப்பிட்டார்கள் என்று அந்தக் கடையில் ஒருத்தர்கூடச் சோதித்துப் பார்க்கவில்லை.

மெஷினோடு ஏலத்துக்குப் போன முதல் நாளே வம்பு தொடங்கியது. தக்காளிப் பெட்டிக்கு ஜூஸ் கடைக்காரரும் வலது ஓரத்தில் நின்ற ஓட்டல்காரரும் ஒரே விலை கேட்டார்கள், ஜூஸ் கடைக்காரர்தான் முந்தினார். தராசடியில் நின்ற எனக்கே தெளிவாகக் கேட்டது. இவர் கை வலப்பக்கம், ஓட்டல்காரரிடம் போனது.

"அண்ணே, நான் இங்க நிக்கிறேன்" என்றார் ஜூஸ் கடைக்காரர்.

"குரல் அங்கேருந்துதான வந்துச்சு" என்றார் இவர், குனிந்த தலை நிமிராமல்.

மறுநாளும் அப்படி. அதற்கடுத்த நாளும். இடப்பக்கம் யார் கேட்டாலும் கை வலப்பக்கமே போயிற்று. ஓட்டல்காரருக்கு யோகம் அடித்தது, அவர் வாயைத் திறப்பாரா? சந்தைக்காரர்கள் ஒன்றுக்குப் பத்தாகக் கட்டிவிட்டார்கள். "ஓட்டல்ல ஓசிச் சாப்பாடு நடக்குது போல" என்று என் காதுபடவே ஒருவர் சொன்னார். அவருடைய மூட்டையைத் தராசிலிருந்து இறக்கிக் கீழே வைத்துவிட்டேன். கடைசியில் சந்தை வியாபாரிகள் சங்கத் தலைவர் இவரைக் கூப்பிட்டு, எல்லார் முன்னாலும் சொன்னார்: "கொஞ்ச நாள் ஒதுங்கி இருங்க. கெட்ட பேரு சந்தைக்கே வருது."

மெஷின் கடைக்கு ஓடினோம். "பழகிடும் மேடம்" என்றார் விற்பனைக்காரர். எது பழகும்? திருட்டுப் பட்டமா?

வீட்டில் இவர் பேச்சைக் குறைத்துக்கொண்டார். ஒருநாள் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்: "ஓட்டல்காரன் மேல எனக்கு ஏதாவது சாய்வு இருக்குமோ? அவன் தங்கச்சி கல்யாணத்துல என்னை முன் வரிசையில உக்கார வெச்சான். தெரிஞ்சு செய்யலைன்னாலும் உள்ளுக்குள்ள இருக்குமோ என்னவோ."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஊர் சொன்னதை இவரே நம்பத் தொடங்கிவிட்டார். எத்தனையோ வருஷம் ஒரு முகத்தைக்கூடப் பார்க்காமல் கை நீட்டிய மனுஷன், தன் மனசுக்குள் திருடனைத் தேடிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு நான் அவரையே கவனித்தேன். அவருக்கு இடப்பக்கம் இருந்த குழாயடியில் நின்று கூப்பிட்டேன். அவர் வலப்பக்கத்து ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார். மறுபடி கூப்பிட்டேன், மறுபடியும் ஜன்னல்தான். மெஷின் சார்ஜில் கிடக்கும்போது உரக்கக் கூப்பிட்டால் நேராக என்னைப் பார்த்தார். கோளாறு மனசிலும் இல்லை, ஓட்டலிலும் இல்லை.

அரசாங்க ஆஸ்பத்திரியில் காது டெஸ்ட் எடுக்கும் பெண்ணிடம் போனோம். முழுக் கதையையும் குறுக்கே பேசாமல் கேட்டாள். அதற்கே அவளுக்குக் கோயில் கட்டலாம்.

"மெஷின் சத்தத்தைத் துண்டு துண்டா சேர்த்து, இரைச்சலை வடிகட்டி, அப்புறந்தான் காதுக்குள்ள விடும்மா. கண் இமைக்கிறதைவிடக் கம்மி நேரந்தான். ஆனா அதுக்குள்ள வலது காது கேட்டு முடிச்சிடும். ரெண்டு காதுல எது முந்துதோ அந்தப் பக்கத்துலேருந்துதான் சத்தம் வந்துச்சுன்னு மூளை முடிவு பண்ணிடும்."

எங்கள் ஏலத்தின் விதியேதான். தலைக்குள்ளும் முந்தினவனுக்கே சரக்கு. இவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார், பிறகு வேஷ்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இதுக்கு வழியே இல்லையாம்மா?" என்றேன்.

"இருக்கு. நியூரல் நெட்வொர்க்னு சொல்வாங்க. ஏகப்பட்ட சத்தத்தைக் கொடுத்து அதைப் பழக்குவாங்க. பெரிய துண்டு சேர்ற வரைக்கும் காத்திருக்காம, சின்னத் துண்டை வெச்சே அடுத்து என்ன வரும்னு ஊகிச்சு வேலையை முடிச்சிடும். தாமதம் ரொம்பக் குறைஞ்சிடும்."

இவர் கேட்க வாயைத் திறக்குமுன் தண்ணீர்ச் செம்பை நீட்டுகிறேனே, அது மாதிரி என்று புரிந்துகொண்டேன். எங்கள் மாடலுக்கு அது கிடைக்குமா என்று கேட்க, கம்பெனி இன்ஜினியருக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"அந்த மாடல்லயே இருக்கு மேடம். இவங்க வாங்கறதுக்கு முன்னாடியே வந்துடுச்சு. ஆஃப் பண்ணி வெச்சிருக்கோம்" என்றது குரல்.

"ஏன்?"

"அது ஓடினா பேட்டரி நாள் முழுக்க வராது. பெட்டியில நாள் முழுக்க வரும்னு அச்சடிச்சிருக்கோமே."

நான் போனைப் பிடுங்கிக்கொண்டேன். "எங்க ஏலம் விடிஞ்சதும் தொடங்கி வெயில் ஏறுறதுக்குள்ள முடிஞ்சிடும். எந்த நாள் முழுக்க வரணும் உனக்கு? பெட்டியில எழுதினது பொய்யாகக்கூடாதுன்னு என் புருஷனைப் பொய்யனாக்கிட்டியே."

"இப்படி ஒரு பிரச்சினைன்னு யாரும் எங்ககிட்ட சொன்னதில்லம்மா."

"உங்க கடையில வந்து சொன்னேன். பழகிடும்னாங்க. காது கேக்காதவங்களுக்கு மெஷின் செய்யறீங்களே, அவங்க சொல்றதை நீங்க காதுல வாங்க மாட்டீங்களா?"

அந்தப் பெண் மெதுவாகப் போனை வாங்கி, எப்படி ஆன் செய்வது என்று கேட்டுத் தெரிந்துகொண்டாள். கம்ப்யூட்டரில் நாலு தட்டு, அவ்வளவுதான் வேலை. "துளி தாமதம் மிச்சமிருக்கும், அது பழகிடும்" என்றாள். அவள் சொன்னதால் பொறுத்துக்கொண்டேன்.

சங்கத் தலைவரிடம் போய்ச் சோதித்துப் பாருங்கள் என்று நின்றேன். சரக்கு இல்லாத நேரத்தில் வியாபாரிகளை அரைவட்டமாக நிறுத்தினார். இவர் காலிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். இடமும் வலமுமாக மாற்றி மாற்றிக் கத்தினார்கள். கை ஒரு தடவைகூடத் தவறவில்லை. "சரி, போனது போகட்டும், நாளைக்கே வந்துடுங்க" என்றார் தலைவர், ஏதோ இவர் செய்த தப்பை மன்னித்துவிட்ட தோரணையில். ஜூஸ் கடைக்காரர் மட்டும் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். இவர் சிரித்துத் தலையாட்டினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் காலை. கேரட் குவியல். ஒரே விலைக்கு இரண்டு குரல், இடது முந்தியது. இவர் கை சரியாக இடப்பக்கம் எழுந்தது. எழுந்த கை பாதியில் நின்றது. தலையை நிமிர்த்தி, ஜூஸ் கடைக்காரரின் முகத்தைப் பார்த்தார். பிறகுதான் கையை முழுதாக நீட்டினார்.

வழக்கம் மீறியாயிற்று, ஆனால் அதைக் கேட்கும் தைரியம் யாருக்கும் இல்லை.

"மூஞ்சியைப் பாத்துக்குங்க அண்ணே, தப்பில்ல" என்றார் ஜூஸ் கடைக்காரர், தணிந்த குரலில். நல்ல மனசோடுதான் சொன்னார். இவர் முகம் சுருங்கிப்போயிற்று.

அன்றிலிருந்து ஒவ்வொரு தடவையும் பார்த்துவிட்டுத்தான் கை நீட்டுகிறார். மெஷின் அருமையாக வேலை செய்கிறது, யாரும் எந்தப் புகாரும் சொல்வதில்லை. சேவை எப்படி இருந்தது என்று போன வாரம் கம்பெனியிலிருந்து கேட்டார்கள். காது சரியாகிவிட்டது, அதை அவர் நம்பமாட்டேன் என்கிறார், அதற்கு உங்களிடம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன்.