எதிர்ப்பும் ஏறிய தீர்மானப் புத்தகம்

சிவகாசியில் ஓர் அச்சகத்தில் எனக்குப் பிழை திருத்தும் வேலை. காலண்டர் சீசன் சூடுபிடிக்கும் முன் ஒரு சிறு புத்தகம் அச்சுக்கு வந்தது. நாட்டில் சட்டத்தின் ஆட்சி தேய்கிறதா என்று கண்காணிக்கக் குடிமக்கள் கேட்க வேண்டிய கேள்விகள் அதில் இருந்தன. ஒற்றுப்பிழை தேடிக்கொண்டே போனவள் ஒரு கேள்வியில் நின்றுவிட்டேன். ‘மக்கள் அவை உண்மையில் கூடுகிறதா, ஏட்டில் மட்டும் கூடுகிறதா?’

எங்கள் ஊர் கிராமசபை ஏட்டில்தான் கூடும். பஞ்சாயத்து கிளார்க் வீடு வீடாக வந்து கையெழுத்து வாங்கிப் போவார். நானும் போட்டிருக்கிறேன்.

பட்டாசுக் கம்பெனி வேனிலிருந்து இறங்கிய என் மதினியிடம் அதைச் சொன்னேன். “இதுக்கு ஒரு புத்தகமாக்கும்? கிராமசபை சுதந்திர தினத்தன்னைக்குத்தான, லீவுதான. போய் உக்காந்துருவோம்” என்றார்.

சுதந்திர தினத்தன்று, மதினியோடு வேனில் வரும் பெண்கள் அத்தனை பேரும் பஞ்சாயத்து ஆபீஸ் வாசலுக்கு வந்துவிட்டார்கள். கிளார்க் பதறிப்போனார்.

“வெயில்ல எதுக்கு நிக்கீக? கையெழுத்துப் போட்டுட்டுக் கெளம்புங்க.”

மதினி தீர்மானப் புத்தகத்தைப் புரட்டினார். வெற்றுப் பக்கம். “மேல ஒண்ணும் எழுதலையே. பேசி, எழுதி, வாசிங்க. பெறகு போடுறோம்.”

தலைவருக்குப் போன் போனது. பள்ளிக்கூடத்திலிருந்து ஜமுக்காளம் வந்தது. கூட்டத்தைப் பார்த்து ஆண்களும் வந்து உட்கார்ந்தார்கள். ஊர் முகப்பில் அலங்கார வளைவு கட்டலாம் என்றார் தலைவர். வேன் நிற்கிற இடத்தில் மழைக்கு ஒதுங்க ஒரு கூரைதான் முதலில் வேண்டும் என்றோம் நாங்கள். ஒரு மணி நேரம் வாதாடினோம். கை தூக்கச் சொன்னார்கள். நாலு கை வித்தியாசத்தில் வளைவு ஜெயித்தது.

மதினி எழுந்தார். “தோத்தது தோத்ததாவே இருக்கட்டும். நாங்க வேண்டாம்னு சொன்னதையும் அதுக்கு என்ன காரணம்ங்கிறதையும் எழுதுங்க.”

அப்படி வழக்கமில்லையே என்று கிளார்க் தலைவரைப் பார்த்தார். தலைவர் மீசையைத் தடவினார். பிறகு, “எழுதும்யா. சொன்னாகள்ல” என்றார்.

கிளார்க் எழுதி, சத்தமாக வாசித்தார். தாங்கள் சொன்ன சொல்லைத் தாங்களே கேட்டுக்கொண்டிருந்த பெண்களின் முகங்களைப் பார்த்தேன். அதன்பிறகே கையெழுத்துப் போட்டோம்.

திரும்பும்போது டீக்கடையில் காராச்சேவு வாங்கிப் பங்கு போட்டுத் தின்றோம். மதினி கிளார்க்கைப் போலவே இழுத்து இழுத்து வாசித்துக் காட்ட, ஒருத்திக்குச் சிரிப்பில் புரையேறியது.

“என்னத்தா, ஜெயிச்சிட்டீகளா?” என்று கேட்டார் கடைக்காரர்.

“தோத்துட்டோம்ணே” என்றார் மதினி, இன்னும் சிரித்துக்கொண்டே.