டவுன்லோட்ஸ் போல்டரில் கிடந்த கோப்பு

பிரவுசரில் வீடியோ ஓட வேண்டுமென்றாலே தனியாக பிளக்-இன் என்ற ஒரு துணை மென்பொருள் போட வேண்டியிருந்த வருஷங்கள் அவை. அப்படியொரு பிளக்-இன்னைச் செய்து, இணையத்தில் வகுப்பெடுப்பவர்களுக்கு விற்ற தி. நகர் கம்பெனியில் ஸ்வர்ணலதாவுக்கு வேலை. மேற்கு மாம்பலத்திலிருந்து ரயில்வே மேம்பாலம் ஏறி, ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் நசுங்கி ஆபீஸ் சேரும்போதே பாதி உயிர் போயிருக்கும். மீதியை வாடிக்கையாளர்களின் போன் வாங்கிக்கொள்ளும்.

யாருடைய புகாரையோ சோதிக்கும்போதுதான் அவள் அதைக் கவனித்தாள். பிளக்-இன்னை நிறுவும் இன்ஸ்டாலர், தனக்கு வேண்டிய துணைக் கோப்பைத் தான் கிடக்கும் போல்டரிலேயே முதலில் தேடியது. அதே பெயரில் ஒரு கள்ளக் கோப்பு அங்கே இருந்தால், கேள்வி கேட்காமல் அதையே எடுத்து ஓட்டியது.

முதலாளி சுஹாஸிடம் சொன்னாள்.

"அடுத்த வெர்ஷன்ல பாத்துக்கலாம் லதா. அங்க யாரு வந்து கள்ள ஃபைல் வைக்கப் போறா?"

மறுபடியும் சொன்னாள். அதே பதில். பிறகு சொல்ல அவளுக்குத் தெம்பில்லை.

மழைக்காலத்தில் ஒரு மத்தியானம், மயிலாப்பூரிலிருந்து டெக்சாஸ் வரை உள்ள குழந்தைகளுக்கு இணையத்தில் வீணை வகுப்பு நடத்தும் வாடிக்கையாளர் சூடாமணி மாமி போன் செய்தார்.

"ஸ்வர்ணா, என் பேர்ல என்னென்னமோ கண்றாவிப் படமெல்லாம் மெயில்ல போயிண்டிருக்கும்மா. கொழந்தைகளோட அப்பா அம்மாவுக்கெல்லாம். எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

ஆட்டோ பிடித்துப் போனாள். கம்ப்யூட்டரின் இணைய இணைப்பை முதலில் பிடுங்கினாள். டவுன்லோட்ஸ் போல்டரைத் திறந்ததும் விளங்கிவிட்டது. ஏதோ வலைத்தளத்திலிருந்து தானாக இறங்கிய கள்ளக் கோப்பு கிடந்தது. பக்கத்திலேயே மாமி முந்தின நாள் இறக்கி ஓட்டிய கம்பெனி இன்ஸ்டாலர்; அது இந்தக் கோப்பையும் சேர்த்து ஓட்டிவிட்டிருந்தது.

"நான்தான் எதையாவது தப்பா அமுக்கிட்டேனா?"

ஆமாம் என்று தலையாட்டினால் அத்தோடு முடிந்துவிடும். ஸ்வர்ணலதாவால் முடியவில்லை.

"இல்ல மாமி. எங்க இன்ஸ்டாலர்லதான் ஓட்டை. எங்களுக்கு முன்னாடியே தெரியும்."

"தெரிஞ்சுமா?"

ஸ்வர்ணலதா மாமியிடம் பெற்றோர்களின் மெயில் முகவரிகளைக் கேட்டு வாங்கினாள்.

அங்கேயே உட்கார்ந்து, கூடக் கொண்டுவந்த லேப்டாப்பில் டேட்டா கார்டைச் செருகி, தன் கம்பெனி முகவரியிலிருந்து எல்லாப் பெற்றோருக்கும் எழுதினாள்: படங்களை அனுப்பியது மாமி இல்லை, தவறு எங்களுடையது என்று.

மறுநாள் சுஹாஸ் கத்தினான். "யாரைக் கேட்டு அனுப்புனீங்க?"

"கேட்டா வேணாம்னுதானே சொல்லியிருப்பீங்க."

அவன் அவளை வேலையை விட்டுத் தூக்கவில்லை. தூக்கினால் போனை யார் எடுப்பது? அன்றே பழைய இன்ஸ்டாலரைத் தளத்திலிருந்து நீக்கினான். ஒரு வாரத்தில் திருத்தியது வந்தது. பழையதை அழிக்கச் சொல்லி ஒவ்வொரு வாடிக்கையாளரையும் கூப்பிடும் வேலை அவள் தலையில் விழுந்தது. சிலர் திட்டினார்கள், பலருக்கு அவள் சொன்னது புரியவேயில்லை. புரியும்வரை சொன்னாள்.

மாமியிடமிருந்து நின்றுபோன மாணவர்களில் பாதிப்பேர் திரும்பி வந்தார்கள். டெக்சாஸ் குடும்பங்கள் வரவேயில்லை. ஸ்வர்ணலதா போன் செய்தால் மாமி மரியாதையாகத்தான் பேசுகிறார், கேட்டதற்கு மட்டும்.