மரத்துக்குச் சொன்ன பக்குவம்

வாசல் சிட்அவுட்டுக்கு அயனிமரப் பலகையில் தரை போட்டது முழுக்க என் வீம்பு. திற்பரப்புப் பக்கம் ஒரு விடுதியில் அப்படிப் பார்த்துவிட்டு வந்து, டைல்ஸ் போதும் என்ற கணவரின் பேச்சைக் காதில் வாங்காமல், குலசேகரத்து மில்லில் நானே நின்று பலகை அறுத்து வாங்கினேன். நம்ம ஊர் மழைக்கு இது சரிப்படாது என்று ஆசாரியும் சொன்னார். நான் யார் சொல்லைக் கேட்டேன்? இரண்டாவது ஐப்பசியிலேயே பலகையில் பச்சைப் பாசி பிடித்து, கால் வைத்தால் வழுக்கியது. வெளிச்சுவரும் கறுத்துப்போனது.

மழை விட்டதும் எல்லாவற்றையும் கழுவித் தர அடுத்த தெருவிலிருந்து ஒருத்தி வருவாள். என் வயதுதான், நல்ல தைரியசாலி. போன வருஷம் அவள் வந்த அன்று அரைமணி நேரம் கூடவே நின்று பாடம் எடுத்தேன். முதலில் தூசியைப் பெருக்கு. சோப்புத்தண்ணீரை நன்றாகக் கலக்கி எடு. மெத்தென்ற பிரஷ் போதும், மரத்தின் ரேகை போகிற வாக்கிலேயே தேய், குறுக்கே தேய்க்காதே. பிளீச்சிங் பவுடர் பட்டால் வெளிறிவிடும், ஆசிட் பக்கத்திலேயே வரக்கூடாது. மூன்று தடவை சொல்லியிருப்பேன்.

அவள் சிரித்தாள். “பிள்ளையக் குளிப்பாட்டுகது மாரில்லா சொல்லுதிய டீச்சர்.”

பிறகு சுவருக்கும் பக்கவாட்டு நடைபாதைக்கும் என்று பிளீச்சிங் பவுடர் பொட்டலத்தையும் ஆசிட் குப்பியையும் அவள் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். இரண்டையும் கலக்காதே என்று சொல்லவில்லை. முப்பது வருஷம் பிளஸ் டூவுக்கு வேதியியல் எடுத்தவள் நான். அவை சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும் என்று எத்தனை தடவை கரும்பலகையில் எழுதிப்போட்டிருப்பேன். சொல்ல ஒரு நிமிஷம் ஆகியிருக்குமா? என் நினைப்பெல்லாம் அந்தப் பலகையில்தான் இருந்தது.

மரத்தைச் சொன்னபடியே கழுவி முடித்து அவள் நடைபாதைக்குப் போனாள். வீட்டுக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவில் ஒடுக்கமான இடம், மேலே ஷீட் வேறு. காற்று நுழையாது. கறை போகாததால், இரண்டும் சேர்ந்தால் நன்றாக வெளுக்கும் என்று ஒரே வாளியில் ஊற்றியிருக்கிறாள். அவள் இருமல் கேட்டபோது, எப்போதும் வாயில் அடக்கியிருக்கும் வெற்றிலை புரையேறிவிட்டது என்றுதான் நினைத்தேன். வாளி உருண்ட சத்தம் கேட்டு ஓடினால், கண்ணைத் திறக்க முடியாத நெடி. நானும் கணவரும் மூக்கைச் சேலையாலும் துண்டாலும் பொத்திக்கொண்டு அவளை வெளியே இழுத்துப்போட்டோம். அவளுக்கு மூச்சு விசிலடித்தது. காரில் நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

பிழைத்துவிட்டாள். ஆனால் நெஞ்சு பழையபடி ஆகாது, இனி இந்த மாதிரி வேலைக்கெல்லாம் போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். உழைத்தே பழகிய உடம்பு அது. அதை உட்காரவைத்தது நான்தான்.

மூன்றாம் நாள் பார்க்கப் போனேன். என்னைக் கண்டதும் ஆக்சிஜன் மாஸ்க்கை விலக்கிக்கொண்டு, “மரத்துல ஒரு சொட்டு படல டீச்சர். நீங்க சொன்ன மாரியே கழுவினேன்” என்றாள். அவள் கொஞ்சம் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அந்நேரம் அவள் மகள் பிளாஸ்க்கோடு வந்தாள். சில வருஷங்களுக்கு முன் என் வகுப்பில் முதல் பெஞ்சில் இருந்த பெண். அம்மா மாஸ்க்கை எடுத்திருப்பதைப் பார்த்ததும் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. மாட்டிவிட்டுக்கொண்டே, “ரெண்டையும் ஒண்ணாட்டு யாரும் கலக்குவாவளாம்மா?” என்றாள்.

“எனக்கு என்ன மக்கா தெரியும்? டீச்சருக்கே தெரியாது. தெரிஞ்சிருந்தா சொல்லியிருக்க மாட்டாவளா?”

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். தெரியும் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. தெரியாது என்பதுபோல் தலையை ஆட்டினேன்.

அவள் பிளாஸ்க்கைத் திறந்து முதல் டம்ளரை என்னிடம் நீட்டினாள்.

“சாயா குடிங்க டீச்சர்.”