நான் எண்ணாத பிஸ்கட்

முதல் தடவை சுக்கியின் பின்னங்கால்கள் விறைத்தது நான்கு நிமிடம். மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே நின்றேன். எங்கள் நாய் நடக்கவும் முடியாமல் விழவும் முடியாமல் முதுகை வளைத்து நின்றது. முன்னால் நின்றவன் நான். அதன் கண்கள் தேடியதோ என் மனைவி பிலோமினாவை. குட்டியாக இருந்தபோது அதைப் பலாபத்வலயிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்ததும் நான்தான்.

மாத்தளையில் மிருக வைத்தியர் நாங்கள் எடுத்துப்போன வீடியோவை மூன்று தடவை பார்த்தார்.

“கூப்பிட்டா திரும்பிப் பாக்குதே மாஸ்டர். இது வலிப்பு நோய் மாதிரி தெரியல.”

அசைவுக் கோளாறு (நினைவு தவறாமல் தசைகள் தாமாக இழுத்துப் பிடிப்பது) என்றார். சில நாய்களுக்குக் குளூட்டன் (கோதுமையிலுள்ள புரதம்) ஒத்துக்கொள்ளாமல் இப்படி வருமாம். கோதுமையை நிறுத்தி மூன்று மாதம் பார்ப்போம். குறையாவிட்டால் மருந்துதான், அது நாயைச் சோரவைக்கும் என்றார்.

பாணும் ரொட்டியும் நின்றன. பிலோமினா சோறும் கோழியும் அவித்தாள். முதல் மாதம் பதினொரு தடவை விறைப்பு வந்தது. அடுத்த மாதம் ஏழு.

“நான் எங்க பிழை விட்டேன்?” என்று பானையைத் திரும்பத் திரும்பக் கழுவினாள். அவள் பிழை விட்டிருக்கலாம் என்பதில் எனக்குச் சிறு திருப்தி இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

மறுபடி போனபோது, விறைப்பு வந்த நாட்களை நான் குறித்துவைத்த கொப்பியை வைத்தியர் புரட்டினார். “இந்த ரெண்டு கிழமை, பதினாலு நாளும் ஒண்ணுமே இல்லையே?”

“அப்ப இவரு நாவுலயில, மக வீட்டுல இருந்தாரு,” என்றாள் பிலோமினா.

நான் இல்லாதபோது சுகமாக இருந்திருக்கிறது.

“நீங்க தனியா ஏதாவது குடுக்குறீங்களா மாஸ்டர்?”

“நாலு மணிக்குத் தேத்தண்ணியில தோய்ச்சு ரெண்டு பிஸ்கட். அது சாப்பாடு இல்லையே.”

எங்கள் வீட்டில் பிஸ்கட் தேத்தண்ணியோடு சேர்ந்தது, சாப்பாட்டில் சேராது. அதுவும் கோதுமை என்று எனக்குத் தோன்றவே இல்லை. சுக்கி என் முழங்காலில் தலை வைப்பது அந்த ஒரு வேளை மட்டும்தான்.

“லஞ்சம்!” என்றாள் பிலோமினா. “உங்ககிட்ட வரணும்னு நாய்க்கு லஞ்சம் குடுத்திருக்கீங்க!” வைத்தியர் கொப்பியால் வாயை மறைத்துக்கொண்டார்.

அன்றோடு பிஸ்கட்டை நிறுத்தினேன். அடுத்த மாதம் இரண்டு தடவை வந்தது. பிறகு நாற்பத்தேழு நாளாக இல்லை.

உங்கள் நாய்க்கும் இப்படியென்றால், எத்தனை தடவை வந்தது என்று மட்டும் எழுதாதீர்கள். யார் என்ன கொடுத்தார் என்றும் எழுதுங்கள்.

முன்பு நிமிடங்களை எண்ணினேன். இப்போது ஒன்றும் நடக்காத நாட்களை எண்ணுகிறேன். நான்கு மணியானால் என் முழங்கால் தானாகக் காத்திருக்கிறது. நேற்றும் சுக்கி வந்தது. வெறும் கையை முகர்ந்துவிட்டு, பிலோமினாவின் காலடிக்குப் போய்ப் படுத்தது.

அது போகும்போது எண்ணினேன்: ஒன்பது அடி. ஓரடியிலும் கால் விறைக்கவில்லை.