பெரிய பெட்டியா, சின்னப் பெட்டியா

கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் ஃபக்ருன்னிசாவைப் பற்றிச் சொல்வதென்றால், அவள் எழுதாமல் போன பரீட்சையிலிருந்துதான் தொடங்க வேண்டும். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், அரசு வேலைக்கான தேர்வு ஒன்று. சென்டர் திண்டுக்கல்லில். கொடைக்கானலிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்துத்தான் கிளம்பினாள். பெருமாள்மலைக்குக் கீழே மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது. சேற்றில் இறங்கி நடந்து, கேரட் ஏற்றிப்போன வண்டியில் தொற்றிக்கொண்டு அவள் போய்ச் சேர்ந்தபோது, கேட்டைப் பூட்டி இருபது நிமிடம் ஆகியிருந்தது. காவலாளி நல்ல மனிதர்தானாம். "தண்ணி குடிக்கிறியாம்மா?" என்று கேட்டாராம். கதையில் அந்த இடம் வரும்போதுதான் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். அடுத்த வருடம் அவளுக்கு வயது வரம்பு தாண்டிவிட்டது.

அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள், இந்த மலையில் ஒரு தேர்வு சென்டர் வரவேண்டும் என்று. அத்தாவின் ஸ்வெட்டர் கடைக்கு மேலிருந்த ஹாலில் டைப்பிங் சொல்லிக் கொடுத்தாள், ஆதார் திருத்தினாள், ஓட்டல்காரர்களின் கம்ப்யூட்டரைக் கழற்றி மாட்டினாள். போன வருடக் கடைசியில்தான் தேர்வு நடத்தும் கம்பெனி ஒன்று இறங்கி வந்தது. ஒரே ஒரு தேர்வு, முப்பத்திரண்டு பேர். அது நல்லபடியாக நடந்தால் சென்டர் நிரந்தரம். நடுவில் பத்து நிமிடம் நின்றுபோனால் தேர்வு ரத்து, சென்டரும் ரத்து.

நான் சேனாதிபதி, ஒயர்மேன். அந்த ஹாலின் வயரிங் முழுக்க என் கைவேலை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று ஊரில் சொல்வார்கள். அது பொய்யில்லை.

தேர்வுக்குக் கேள்விகளைக் கொடுத்துப் பதில்களை வாங்கி வைக்க ஒரு மெயின் மிஷின் வேண்டும். அவளிடம் இரண்டு இருந்தன. ஒன்று சர்வர். கோயம்புத்தூர் கம்பெனி ஒன்று கழித்துவிட்டதை வாங்கி, இரண்டு ஆள் பிடித்து மாடிக்கு ஏற்றினோம். போட்டால் மாவு மில் மாதிரி இரையும். இன்னொன்று டிபன் பாக்ஸ் அளவுப் பெட்டி. உள்ளே இருப்பது லேப்டாப்பில் போடுகிற பிராசசர். சத்தமே இருக்காது.

எனக்கு ஒரே கணக்குத்தான். கரண்டு போனால் எது எவ்வளவு நேரம் தாங்கும்? ஊரில் கேட்டு வாங்கிய பழைய பேட்டரிகளையும் சேர்த்துக் கட்டி ஓட்டிப் பார்த்தேன். கேமரா, விளக்கு எல்லாம் எரிய, சர்வர் ஓடினால் நாற்பத்தைந்து நிமிடம். சின்னப் பெட்டி ஓடினால் இரண்டு மணி நேரம். தேர்வு ஒன்றரை மணி நேரம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

"யானையைக் கட்டித் தீனி போடாதம்மா. சின்னதை வச்சு வெரசா சோலிய முடிப்பியா, அத விட்டுட்டு" என்றேன்.

அவள் கேட்கவில்லை. தேர்வுக்கு ஒரு வாரம் முன்பு, இரண்டையும் ஆளுக்கு ஒன்றரை மணி நேரம் ஓட்டி ஒத்திகை பார்த்தாள். சர்வர் அசையவே இல்லை. சின்னப் பெட்டி ஜோராகத்தான் கிளம்பியது, சர்வரைவிட ஒரு பிடி வேகம் என்றுகூடச் சொல்லலாம். ஐம்பதாவது நிமிடம் திணற ஆரம்பித்தது. முப்பத்திரண்டு திரையிலும் அடுத்த கேள்வி வராமல் சுற்றிக்கொண்டே இருந்தது. பன்னிரண்டு நிமிடம்.

"பாத்தீங்களாண்ணே? லேப்டாப் பிராசசர்னா கொஞ்ச நேரம் ஓடும், சூடேறுனதும் தானா வேகத்தைக் குறைச்சுக்கிரும். சர்வர் பிராசசர் நாள் பூரா ஒரே வேகத்துல ஓடுறதுக்குன்னே செஞ்சது. எனக்கு நிக்காம ஓடணும், அம்புட்டுதான்."

"கரண்டு நிக்காம இருந்தா அதுவும் நிக்காது."

"அதுக்குத்தான் வத்தலக்குண்டுல ஜெனரேட்டர் சொல்லியிருக்கேன்."

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிறவளிடம் என்ன பேசுவது? அந்த வாரம் முழுக்க அவளைக் கிண்டல் செய்தே தீர்த்தேன். "சர்வரம்மா" என்று பெயரே வைத்துவிட்டேன்.

தேர்வுக்கு இரண்டு நாள் முன்பு மழை பிடித்தது. வெள்ளிக்கிழமை சாயந்திரம் மலைப்பாதையில் மரம் விழுந்து, ஜெனரேட்டர் வண்டி கீழேயே நின்றுவிட்டது. தேர்வுக் கம்பெனியிலிருந்து வந்த மனோஜ்குமார் அதற்கு முன்பே மேலே வந்துவிட்டார். மெட்ராஸ் பையன், மெல்லிசுச் சட்டை. ஃபக்ருன்னிசா அத்தாவின் கடையிலிருந்து ஸ்வெட்டர் ஒன்றை எடுத்து மாட்டிவிட்டாள்.

சனிக்கிழமை காலை ஏழரை மணிக்கு நான் போனபோது ஹாலில் விளக்குகள் மங்கி மங்கி எரிந்துகொண்டிருந்தன. மனோஜ்குமார் பேப்பரை நீட்டிக்கொண்டு நின்றார்.

"மேடம், எட்டு மணிக்குள்ள எது மெயின்னு எழுதிக் கொடுத்துருங்க. கொஸ்டின் பேப்பர் அதுல ஓப்பன் பண்ணிட்டா நடுவுல மாத்த முடியாது. மாத்தணும்னா சென்னைலேர்ந்து போன்ல கோடு வரணும்."

மழை நாளில், கரண்டும் போனால், கொடைக்கானலில் போன் எடுக்கும் அழகு எங்களுக்குத் தெரியும். ஆக, எழுதினால் எழுதியதுதான்.

அவள் முகம் வெளுத்திருந்தது. சர்வர் என்றால் கரண்டு காலை வாரும். சின்னது என்றால் அதுவே காலை வாரும். பேனாவை எடுத்தாள், வைத்தாள். பிறகு வருகைப் பதிவு பேப்பர்களை எடுக்க இரும்பு பீரோவைத் திறந்தாள். சின்னப் பெட்டியும் அதற்குள்தான் இருந்தது. மிஷின் பூட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது கம்பெனி சட்டம். ஒத்திகையின்போதும் பூட்டிய பீரோவுக்குள் இருந்துதான் ஓடியது.

பீரோவிலிருந்து சூடு வந்தது. எங்கள் ஊரில் அது அதிசயமில்லை. மூடுபனிக்குத் துணி பூசணம் பூத்துப்போகும், காகிதம் நமத்துப்போகும். அதனால் வீட்டுக்கு வீடு பீரோவுக்குள் ஒரு குண்டு பல்பு எரிந்துகொண்டே இருக்கும். பீரோவைத் திறந்து சூடு வராவிட்டால்தான் பல்பு போச்சோ என்று பார்ப்போம். நானே நூறு வீட்டுக்காவது மாட்டியிருப்பேன். ஜனம் போட மறந்துவிடும் என்று சுவிட்சு வைக்காமலே கொடுத்துவிடுவேன்.

அவள் பேப்பரை எடுக்கக் கை நீட்டியவள், பெட்டியின் மேல் கை பட்டதும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். பெட்டி ஓடவே இல்லை, அணைந்துதான் கிடந்தது. ஆனாலும் கொதித்தது. அவள் குனிந்து பார்த்தாள். கீழ்த்தட்டில் இருக்க வேண்டிய அறுபது வாட் பல்பு, மேல்தட்டில் பெட்டிக்கு ஒரு சாண் தள்ளி எரிந்துகொண்டிருந்தது.

அதை அங்கே மாற்றி மாட்டியது நான்தான். ஒத்திகைக்கு முந்தின நாள். புதுப் பெட்டி, பனி பட்டால் கெட்டுவிடுமே என்று, அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், ஒரு நல்ல காரியம் செய்தேன். பிராசசர் சூடேறினால் வேகத்தைக் குறைக்கும் என்று அவள் அத்தனை தரம் சொன்னாளே, அப்போதும் என் மரமண்டையில் ஏறவில்லை. பூட்டிய இரும்பு பீரோவுக்குள், பக்கத்தில் அடுப்பை வைத்துவிட்டு, ஓடவில்லை என்று அதைக் குறை சொன்னோம்.

அவள் பல்பின் ஒயரை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு பெட்டியை முந்தானையால் பிடித்து எடுத்து, ஜன்னலோர மேஜையில் வைத்தாள்.

"மனோஜ் தம்பி, பூட்டுக்குப் பதிலா இங்கன கண் முன்னாடி வச்சு நீங்க சீல் போட்டுக்கலாமா?"

"கேமரால தெரிஞ்சா ஓகே மேடம்."

"அப்ப எழுதிக்கோங்க. சின்னதுதான் மெயின்."

மறுபடி ஒத்திகை பார்க்க நேரமில்லை. நூற்றுக்கு நூறு சூட்டினால்தான் அது திணறியதா, வேறு கோளாறா, யாருக்குத் தெரியும்? உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

"அண்ணே, நீங்க பேட்டரியப் பாருங்க" என்றாள்.

பத்து மணிக்குத் தேர்வு தொடங்கியது. முப்பத்திரண்டு பேரும் ஸ்வெட்டரும் மப்ளருமாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முன்னால் இருந்தவை லேப்டாப்கள், அதற்குச் சொந்த பேட்டரி உண்டு, அந்தக் கவலை இல்லை. முதல் வரிசையில் மலையின் கோடி ஊரான கிளாவரையிலிருந்து வந்த தாரணி. கைக்குழந்தையைக் கீழே கடையில் தன் அம்மாவிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். சென்டர் திண்டுக்கல்லாக இருந்திருந்தால் வந்தே இருக்க மாட்டேன் என்று ஏறும்போதே சொன்னாள்.

பத்து இருபதுக்குக் கரண்டு போனது. இன்வெர்ட்டர் 'டக்'கென்று பிடித்துக்கொண்டது. மனோஜ்குமார் போனை எடுத்துப் பார்த்தார், டவர் இல்லை. நான் பேட்டரிப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து மீட்டரையும் கடிகாரத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன்.

ஐம்பதாவது நிமிடம் வந்தது. ஃபக்ருன்னிசா பெட்டிக்குப் பக்கத்தில் நின்றாள், உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. ஓதுகிறாள் என்று தெரிந்தது. நானும் பழனி இருக்கிற திசையைப் பார்த்து முருகனைக் கூப்பிட்டுவைத்தேன். ஐம்பத்தைந்து. அறுபது. ஒன்றும் ஆகவில்லை.

பதினொன்று ஐந்துக்குக் கடிகாரத்தைப் பார்த்தேன். சர்வராக இருந்திருந்தால் இந்த நிமிடம் உயிரை விட்டிருக்கும். இன்னும் இருபத்தைந்து நிமிடம் பாக்கி.

அப்போதுதான் தாரணி கையைத் தூக்கினாள்.

"மேடம், அடுத்த கேள்வி வரலைங்க."

பின்வரிசையில் இன்னொரு கை. பிறகு இன்னொன்று. மனோஜ்குமார் கடிகாரத்தை அழுத்தினார், பத்து நிமிடக் கணக்கு தொடங்கிவிட்டது. ஹாலில் முப்பத்திரண்டு பேர் மூச்சு, கதவு ஜன்னலெல்லாம் அடைப்பு. அறையே பீரோவாகிவிட்டிருந்தது.

ஃபக்ருன்னிசா ஜன்னல் கொக்கியைக் கழற்றி இரண்டு கதவையும் விரியத் திறந்தாள். மூடுபனி குபுகுபுவென்று உள்ளே வந்து பெட்டியின் மேல் விழுந்தது. ஓடுகிற மிஷினுக்குப் பனியைத் திறந்துவிட்ட ஆளை இந்த மலையில் நான் பார்த்ததில்லை. மூடச் சொல்லி என் கை தானாக எழுந்தது. அடக்கிக்கொண்டேன். மாற்றி மாட்டிய கைதானே அது.

ஒரு நிமிடம் போனது. இரண்டு. மனோஜ்குமார் ஸ்வெட்டரை இழுத்து மூடிக்கொண்டார். மூன்றாவது நிமிடம் முடியும்போது தாரணி கையை இறக்கிவிட்டு, மவுஸைப் பிடித்தாள்.

"வந்துருச்சுங்க."

அதற்குப் பிறகு ஜன்னலை யாரும் மூடவில்லை. நின்ற மூன்று நிமிடத்தையும் கூட்டிக் கொடுத்து, பதினொன்று முப்பத்து மூன்றுக்கு முப்பத்திரண்டாவது ஆளும் பதிலை அனுப்பினார். மனோஜ்குமார் பெட்டியில் சீல் ஒட்டிவிட்டு, "முடிஞ்சுது மேடம்" என்றார். ஃபக்ருன்னிசா நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், ஆனால் என் அழுகையில் வேறு ஒன்றும் சேர்ந்திருந்தது.

எல்லாரும் இறங்கிப் போன பிறகு பீரோ பக்கத்தில் போய் நின்றேன்.

"ஏம்மா, அந்த பல்பு..."

"தெரியும்ணே. ஒயர்ல சிவப்பு டேப்பை மூணு சுத்து சுத்துறது ஊர்லயே நீங்க ஒரு ஆளுதானே."

"தெரிஞ்சுமா ஒண்ணும் சொல்லல? ஒரு வாரம் உன்ன என்ன பேச்சு பேசினேன்!"

"காலைல சொல்லியிருந்தா கை நடுங்கிப்போயி நின்னுருப்பீங்க. எனக்குப் பேட்டரி பாக்க ஆளு வேணாமா?"

இத்தனை நீள வாயை மூடிக்கொண்டு பேட்டரி ஒயரைக் கழற்ற ஆரம்பித்தேன். அவள் ஈரமான மேஜையைத் துணியால் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"நாளைக்கு வெள்ளனே வாங்க. பல்பை மறுபடி கீழ்த்தட்டுல மாட்டணும். பேப்பரெல்லாம் பூத்துப்போயிரும்."

மறுநாள் விடிந்ததும் போய் மாட்டினேன். எந்தத் தட்டு, எந்த மூலை என்று அவளிடம் கேட்டுவிட்டு, சுவிட்சு வைத்து மாட்டினேன்.