கச்சான் காற்றில் பாம்பன் ரயில்: நின்று பார்க்க நான்கு இடங்கள்

எனக்கு ரயிலில் போவதைவிட ரயில் போவதைப் பார்ப்பது பிடிக்கும். வீட்டில் இதை ஒருவரும் மதிப்பதில்லை. போகிற ரயிலைப் பார்ப்பதற்கு இன்னொரு ரயிலில் டிக்கெட் எடுத்துப் போகிறவள் என்று என் கணவர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். திண்டுக்கல்லில் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். ஞாயிறு மட்டும்தான் கடை அடைப்பு. மாதத்தில் ஒரு ஞாயிறு ரயிலுக்கு. பாம்பனில் புதுப் பாலம் வந்து ரயில் ஓடத் தொடங்கியதிலிருந்து போகவேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்து, இந்த ஆடியில்தான் கிளம்பினேன். ஆடியில் அங்கே கச்சான் காற்று ஆளைத் தூக்கும், வேறு மாதம் போ என்று சொல்லாதவர்கள் இல்லை. மேற்கிலிருந்து மணலை அள்ளிக்கொண்டு வரும் அந்தக் காற்றோடு சேர்த்துப் பார்க்கத்தான் நான் ஆடியைத் தேர்ந்தெடுத்ததே.

மதுரையில் காலை ஆறே முக்கால் வாக்கில் கிளம்பும் சாதாரண ரயிலில் ஏறிப் பரமக்குடியில் இறங்கிவிட்டேன். என் முதல் இடம் அதுதான். நடைமேடையின் கிழக்குக் கோடியில், கூரை முடிந்த பிறகு, ஒரு வேப்பமரம் நிற்கிறது. அங்கிருந்து பார்த்தால் தண்டவாளம் ஊரை விட்டு வெளியேறி நேராகக் கிழக்கே போய் வெயிலில் கரைவது தெரியும். சேலைக் கட்டுகளோடு இரண்டு நெசவாளர்கள் எதிர்த்திசை ரயிலுக்குக் காத்திருந்தார்கள். நான் எந்த ரயிலுக்கு என்று கேட்டார்கள். எதற்கும் இல்லை என்றேன். சரிதான் என்று கட்டுகளைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துக்கொண்டார்கள். ரயில்கள் குறைவு என்பதால் ஒரு மணி நேரத்துக்கு மேல் இங்கே நிற்கத் தேவையில்லை. நடைமேடைச் சீட்டு பத்து ரூபாய்தான், எடுத்துவிடுங்கள்.

பரமக்குடியிலிருந்து ராமநாதபுரம் பஸ்ஸில் முப்பத்தைந்து கிலோமீட்டர், ஒரு மணி நேரம். அங்கே வண்டி பிடிப்பதுதான் பெரும்பாடாகிவிட்டது. ராமேஸ்வரம் கோயிலுக்கா, தனுஷ்கோடிக்கா என்றுதான் எல்லா டிரைவர்களும் கேட்டார்கள். வழியில் ரயில் தெரிகிற இடங்களில் நிறுத்தி நிறுத்திப் போகவேண்டும் என்றதும் ஒருவர் பீடியை அணைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். சிரிக்காமல் கேட்டவர் ஒருவர்தான். ஐம்பத்தைந்து வயதிருக்கும், வெள்ளைத் தொப்பி, பழைய ஆம்னி வேன். பெயர் காஜா மைதீன். சொந்த ஊர் பாம்பன். பன்னிரண்டு வருடம் சவூதியில், தமாமில் டிரெய்லர் ஓட்டிவிட்டுத் திரும்பியவர். ராமேஸ்வரம் வரை, இடையில் எத்தனை முறை நிறுத்தினாலும் ஆயிரத்து எண்ணூறு என்று பேசி முடித்தோம். ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்.

"மத்தியான ரயிலு வாரப்ப நான் பாம்பன் கரையில நிக்கணும் தங்கச்சி. அதுக்குச் சம்மதம்னா ஏறுங்க."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அந்த ரயிலைச் சாலைப் பாலத்தின் மேலிருந்து பார்ப்பது என்று ஒரு மாதமாக மனத்துக்குள் படம் வரைந்து வைத்திருந்தேன். ஆனால் வேறு வண்டி இல்லை. உர்ரென்றுதான் ஏறினேன்.

இரண்டாவது இடம் உச்சிப்புளிக்கு முன்னால் ஒரு ரயில்வே கேட். ராமநாதபுரத்திலிருந்து பதினைந்து கிலோமீட்டருக்கும் கொஞ்சம் கூட. பனையும் உடைமரமும் தவிர உயரமாக எதுவும் இல்லாத பூமி. கேட்டை அடைத்து வெகுநேரம் கழித்துத்தான் ரயில் வரும், ஆனால் அது வருவது வெகு முன்பே தெரிந்துவிடும். முதலில் அடிவானத்தில் ஒரு புள்ளி. பிறகு அதன் முகம். பெட்டிகள் ஒவ்வொன்றாகப் பனைகளுக்கு நடுவே மறைந்து மறைந்து வெளிவந்தன. அவ்வளவு பெரிய வெட்டவெளியில் அது ஒன்றுதான் அசைந்தது. நான் வாயைத் திறந்தபடி நின்று நல்ல ஒரு பிடி புழுதியைச் சாப்பிட்டேன். முகத்துக்குத் துணி கட்டிக்கொள்ளாமல் அங்கே நிற்காதீர்கள்.

அந்தக் கேட்டில்தான் காஜா அண்ணன் தன் நிபந்தனைக்குக் காரணம் சொன்னார். அவருடைய ஒரே மகள் பர்வீன் ரயில்வேயில் உதவி லோகோ பைலட். எஞ்சின் ஓட்டுகிறவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சிக்னலும் பாதையும் பார்க்கிற வேலை. இதுவரை மதுரையைச் சுற்றியுள்ள தடங்களில் போய்க்கொண்டிருந்தவளுக்கு அன்றுதான் பாம்பன் பாலத்தில் முதல் முறை. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. உலகத்தில் நான் பொறாமைப்படுகிற ஒரே உத்தியோகம் அது என்று சொன்னேன். அவர் முகத்தில் அந்தச் சந்தோஷம் இல்லை.

பர்வீனுக்கு ஒரு சம்பந்தம் வந்திருக்கிறது. பையன் துபாயில் நல்ல வேலை, குடும்பமும் தெரிந்த குடும்பம். பெண்ணைப் பிடித்திருக்கிறது, ஆனால் ராத்திரி பகல் பாராமல் எஞ்சினில் போவது வேண்டாம், கேட்டு வாங்கிக்கொண்டு ஆபீஸ் வேலைக்கு மாறிவிடட்டும் என்கிறார்கள். வீட்டில் இவர் மனைவிக்கும் அதுவே சம்மதம். இவருக்கோ வேறொரு பயம். படகுக்காரர் வீட்டில் பிறந்தவர், பாலம் கடக்கிற அந்தக் கடல்கால்வாயின் காற்று அவருக்குத் தெரியும். புயலில் கடல் கொண்டுபோன தனுஷ்கோடி ரயிலின் கதை தெரியாதவர் அந்தக் கரையில் யாரும் இல்லை, அதை நான் இங்கே எழுதப் போவதில்லை. மகள் ஒன்றே ஒன்றுதான் கேட்டிருக்கிறாள். ஒரு தடவை நான் வேலை செய்வதை வந்து பாருங்கள் அத்தா, அதற்குப் பிறகு நீங்கள் என்ன சொன்னாலும் கேட்கிறேன் என்று. அன்று மாலை மஃரிபு தொழுகைக்குள் மாப்பிள்ளை வீட்டுக்குப் பதில் சொல்லியாகவேண்டும். இதைக் கேட்டபிறகு எனக்கு என் படம் மறந்துபோனது.

மூன்றாவது இடம் மண்டபம். நிலையத்தைத் தாண்டிச் சாலையோரம் ஒரு மேடான மணல்வெளி, வண்டி நிறுத்தத் தாராளமாக இடம் உண்டு. நிலம் ஒடுங்கிக்கொண்டே வந்து இரண்டு பக்கமும் கடல் நெருங்குகிறது. அன்று தெற்குப் பக்கம் நுரைத்துக் குமுறிக்கொண்டிருந்தது, வடக்குப் பக்கம் குளம் மாதிரி கிடந்தது. நடுவில் ஒற்றைத் தண்டவாளம். நிலம் தீர்ந்துபோகிறது, தண்டவாளம் மட்டும் தீராமல் கடலுக்குள் போகிறது. மனிதர்கள் இப்படி ஒன்றை நினைத்தார்களே, நினைத்ததைக் கட்டியும் விட்டார்களே என்று எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. காற்றுதான் காரணம் என்று காஜா அண்ணனிடம் சொல்லிவைத்தேன். பக்கத்தில் ஒரு கடையில் மீன் சாப்பாடு நூற்று இருபது ரூபாய். பாரைமீன் குழம்பு நன்றாக இருந்தது. அவர் பாதிச் சோற்றை அப்படியே வைத்துவிட்டார்.

சாலைப் பாலம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம். அதன் மேல் வண்டியை நிறுத்தினால் போலீஸ் விரட்டும், ஆனால் மெதுவாகப் போகலாம். பக்கத்திலேயே புது ரயில் பாலம். நடுவில் இரண்டு கோபுரங்கள், அவற்றுக்கிடையே உள்ள துண்டு கப்பல் வந்தால் அப்படியே செங்குத்தாக மேலே போகும். அன்று அது தூக்கப்படவில்லை. தூக்காமலேயே பிரமிப்பாக இருந்தது.

நான்காவது இடம் பாம்பன் கரை, இந்தப் பயணத்தின் மணிமுடி. பாலம் முடிந்து தண்டவாளம் தீவில் ஏறும் இடத்துக்குப் பக்கத்தில், ரயில்வே வேலிக்கு வெளியே, படகுகள் இழுத்துப் போட்டிருக்கும் மணல். எஞ்சினின் வலது பக்கத்தில்தான் உதவியாளர் உட்காருவார், அந்தப் பக்கமாக நில்லுங்கள் என்று மகள் தெளிவாகச் சொல்லி அனுப்பியிருந்தாள். ரயில் வரவேண்டிய நேரத்துக்கு வெகு முன்பே போய் நின்றோம். சுற்றுலா வந்த ஒரு பஸ் கூட்டமும் அங்கே இருந்தது.

நேரமாகியும் ரயில் வரவில்லை. காற்று திடீரென்று வேகம் பிடித்துச் சேலையும் துண்டும் படபடவென்று அடித்தன. பாலத்தில் காற்றை அளக்கும் கருவி இருக்கிறது, ஒரு அளவைத் தாண்டினால் சிக்னல் தானாகவே சிவப்புக்குப் போய்விடும், ரயில் மண்டபம் பக்கம் நின்றுவிடும். எஞ்சினில் இருப்பவர்கள் போனை அணைத்து வைத்திருக்கவேண்டும் என்பதால் மகளிடம் கேட்கவும் வழியில்லை. காஜா அண்ணன் பாலத்தின் மறுகோடியையே பார்த்துக்கொண்டு உதட்டுக்குள் ஓதிக்கொண்டிருந்தார். காற்று மீறினால் நிறுத்திவைக்க அந்தச் சிவப்பு இருக்கிறதே, அதுதானே நல்லது என்று நான் ஆறுதல் சொன்னேன். எனக்கே அது போதவில்லை.

கூட்டத்துக்குச் சலித்துப்போய்ப் பாதிப் பேர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். முக்கால் மணி நேரம் கழித்துக் காற்று கொஞ்சம் இறங்கியது. தூரத்தில், மண்டபம் கரையில், ஒரு வெளிச்சப் புள்ளி தெரிந்தது.

பர்வீன் என்று கத்திக் கூப்பிடுவோமா என்று உற்சாகத்தில் கேட்டேன். அவர் பதறிப்போனார்.

"கூப்புட்டுராதீங்க தங்கச்சி. எங்க ஊர்ல படகு கால்வாயத் தாண்டுறப்ப சுக்கான் புடிச்சிருக்கவனக் கரையில இருந்து பேரு சொல்லிக் கூப்புட மாட்டோம். திரும்பிட்டான்னா பாறையில ஏத்திப்புடுவான்."

சொல்லிவிட்டு, தானும் கையை அசைத்துவிடக்கூடாது என்பதுபோல இரண்டு கைகளையும் இறுக்கக் கட்டிக்கொண்டார். ரயில் பாலத்தில் ஏறியது. காற்றுக்காக வேகத்தைக் குறைத்து, சைக்கிளில் போகிறவர் வேகத்தில்தான் வந்தது. கீழே தெற்குக் கடல் தூண்களில் மோதி எழுந்துகொண்டிருந்தது. மேலே அத்தனை பெட்டிகளும் ஒரு சத்தமும் இல்லாமல், தண்ணீர் மேல் யாரோ மெதுவாகக் கோடு இழுப்பதுபோல வந்தன. சத்தத்தையெல்லாம் காற்று வேறு பக்கம் கொண்டுபோய்விட்டது. கோபுரங்களுக்கு நடுவே எஞ்சின் நுழைந்தபோது அது எவ்வளவு சின்னது என்று தெரிந்தது. எத்தனையோ பாலங்களில் ரயில் பார்த்திருக்கிறேன். மூச்சு விட மறந்தது இந்த ஒன்றில்தான்.

எஞ்சின் கரையை நெருங்கியது. வலது ஜன்னலில் ஒரு முகம், காதை மூடிக் கட்டிய கறுப்புத் துணி. அவள் கையை உயர்த்தி நீட்டினாள். கரையில் நின்ற கூட்டம் ஓவென்று கூச்சலிட்டுப் பதிலுக்குக் கைகளை ஆட்டியது. அவள் நீட்டியது எங்களுக்கு அல்ல. எங்கள் தலைகளுக்கு மேலே, எங்களைத் தாண்டி நின்ற சிக்னலுக்கு. சிக்னல் என்ன நிறம் என்று உதவியாளர் கை நீட்டி உரக்கச் சொல்லவேண்டும், ஓட்டுகிறவர் அதைத் திருப்பிச் சொல்லவேண்டும், அதுதான் அவர்கள் வேலை செய்யும் முறை. அவள் வாய் அசைந்ததை நான் பார்த்தேன். கண் ஒரு கணமும் இறங்கவில்லை. கூச்சலிட்ட கூட்டத்தையும் பார்க்கவில்லை, சொன்ன இடத்தில் சொன்னபடி நின்ற அப்பாவையும் பார்க்கவில்லை. பெட்டிகள் எல்லாம் கடந்து போகும்வரை காஜா அண்ணன் கட்டிய கையை அவிழ்க்கவில்லை. பிறகு வண்டியை எடுத்தார்.

ராமேஸ்வரம் அங்கிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர். அவர் ஓட்டிக்கொண்டிருந்த அந்த நேரத்தில் நான் உங்களுக்காகக் குறித்துக்கொண்டவற்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆடியில் போனால் ரயில் நேரத்தை நம்பித் திரும்பும் டிக்கெட் போடாதீர்கள், இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். தொப்பி பறந்துவிடும், துண்டு கட்டிக்கொள்ளுங்கள். குடிக்கத் தண்ணீர் ராமநாதபுரத்திலேயே வாங்கிவிடுங்கள். வேலியைத் தாண்டாதீர்கள், தாண்டாமலேயே எல்லாம் தெரிகிறது. ஒரே ஒரு இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் பாம்பன் கரை. காற்று வேண்டாம் என்பவர்கள் தை, மாசியில் போகலாம். ஆனால் நான் மறுபடியும் ஆடியில்தான் போவேன்.

நிலையத்து வாசலில் அரை மணி நேரம் நின்றோம். பர்வீன் தோளில் பையோடு வந்தாள். உயரமான பெண். முகமெல்லாம் புழுதியும் உப்பும். அப்பாவைப் பார்த்ததும் அவளுக்குக் குரல் இறங்கிவிட்டது.

"நீங்க எங்கன நின்னீங்க அத்தா? நான் பாக்கவே இல்ல. கரை வந்ததே எனக்குத் தெரியல."

தான் கேட்டு வாங்கிய ஒரு வாய்ப்பையும் தானே கெடுத்துக்கொண்டது போல நின்றாள். காஜா அண்ணன் அவள் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, எங்கள் இருவருக்கும் முன்னாலேயே மாப்பிள்ளை வீட்டைக் கூப்பிட்டார். சலாம் சொன்னார், நலம் விசாரித்தார்.

"பிள்ளை எஞ்சின விட்டு எறங்காது பாய். இன்னைக்கு நேர்ல போயிப் பாத்துட்டேன். அதுக்கு அங்கன வேலை இருக்கு."